ஏஜென்சி வழியாக ஃப்ரீலான்ஸ் வேலை: ரேட், வேலை நேரம், வராத காசு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை செய்வது ஒருவருக்கு, காசு வாங்குவது இன்னொருவரிடம். ஏஜென்சி வழியாக ஒப்பந்த வேலை செய்கிறவர்களின் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. ரேட் எவ்வளவு என்பதில் வரும் சண்டையை விட, "ஒரு மணி நேரம்" என்றால் எது, "ஒரு நாள்" என்றால் எத்தனை மணி, யார் ஒப்புக்கொண்டால் அது கணக்கு என்பவற்றில் வரும் சண்டைகள் அதிகம். கீழே உள்ள கணக்குகளில் எந்த நாட்டுப் பணமும் இல்லை. எண்களை உங்கள் பணத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

கிளையன்டிடம் எனக்காக எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று ஏஜென்சியிடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு நீங்கள் தேவை. வேலை தொடங்கி மூன்று மாதம் கழித்து இதே கேள்வியைக் கேட்டால் அது புகார் மாதிரித் தொனிக்கும்.

சதவீதத்தைச் சொன்னால், எதன் மீது என்று உடனே கேளுங்கள். கிளையன்டிடம் 100 வாங்கி உங்களுக்கு 80 கொடுத்தால், வாங்கியதில் 20% அவர்கள் எடுத்திருக்கிறார்கள். உங்களுக்குக் கொடுத்ததன் மேல் கணக்கிட்டால் அதே தொகை 25% ஆகும். இரண்டும் உண்மைதான். கேட்க இதமாக இருக்கும் எண்ணைத்தான் அவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: கிளையன்ட் ரேட்டை உயர்த்தினாலோ ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாலோ, அதே விகிதத்தில் எனக்கும் உயருமா? இதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லையென்றால், உயர்வு முழுவதும் ஏஜென்சியிடமே தங்கிவிட இடமுண்டு.

எவ்வளவு ரேட் கேட்பது?

சம்பளத்துக்கு வேலை செய்தபோது வாங்கியதை ஆண்டின் 260 வேலை நாளால் வகுத்து ரேட் சொல்வதுதான் பலரும் செய்யும் தவறு. விடுப்பு, பண்டிகை, காய்ச்சல், வேலை கிடைக்காமல் சும்மா இருக்கும் நாள், கணக்கு எழுதும் நாள் எதற்கும் ஃப்ரீலான்சருக்கு யாரும் காசு தருவதில்லை.

வரி, காப்பீடு, கணினி, மென்பொருள் செலவு உட்பட ஆண்டுக்கு 9,00,000 தேவை என்று வையுங்கள். 52 வாரத்தில் விடுப்புக்கும் பண்டிகைக்கும் உடல்நலத்துக்கும் 7 வாரம் போனால் மிச்சம் 45 வாரம், அதாவது 225 நாள். அதில் ஐந்தில் ஒரு பங்கு வேலை தேடவும் கணக்குப் பார்க்கவும் போனால் காசு வரும் நாள் 180. நாளுக்கு 5,000, 8 மணி நேர நாளென்றால் மணிக்கு 625. இதையே 260ஆல் வகுத்திருந்தால் நாளுக்கு 3,461தான் கேட்டிருப்பீர்கள். அந்த ரேட்டில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் உண்மையில் போராடுவது தாங்கள் குறைத்துக் கேட்ட ரேட்டோடுதான்.

நாள் ரேட்டில் ஒப்புக்கொண்டேன். தினமும் 10 மணி நேரம் வேலை வாங்குகிறார்கள். கூடுதல் காசு கேட்கலாமா?

ஒப்பந்தத்தில் "ஒரு நாள் என்பது 8 மணி நேரம்" என்று இருந்தால் கேட்கலாம். "நாள் ரேட்" என்று மட்டும் இருந்தால் கஷ்டம். 800 நாள் ரேட்டில் 8 மணி நேரத்துக்கு மணிக்கு 100. 10 மணி நேரம் ஆனால் 80. ரேட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, யாரும் உங்களிடம் சொல்லாமலே.

இதற்கு நான்கு வரி போதும். நாள் என்பது எத்தனை மணி. இடைவேளை அதற்குள் அடங்குமா, வெளியிலா. அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு. அரை நாள் என்பது எத்தனை மணி வரை. கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 5 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு "அரை நாள்தானே" என்பது அதனால்தான் நடக்கிறது.

ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதா? கிளையன்டின் முதல் வேலை அட்டவணை, அழைப்பு மெயில், அலுவலக நேரம் எதிலாவது "காலை 9 முதல் மாலை 6" என்று இருக்கிறதா பாருங்கள். ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

மாத ரேட்டை மணி ரேட்டாக மாற்றுவது எப்படி?

வாரம் 40 மணி × 52 ÷ 12 = 173.3 மணி. மாதம் 16,000 என்றால் மணிக்கு 92 சொச்சம். மாதத்துக்கு 4 வாரம் என்று வைத்து 160ஆல் வகுத்தால் 100 வரும். ஓவர்டைம் எந்த எண்ணை வைத்துக் கணக்கிடப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வார ரேட்டில் இருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: "மாதத்துக்கு 4 வாரம்" என்று பில் போட்டால் ஆண்டுக்கு 48 வாரக் காசுதான் வரும். மீதி 4 வாரம் உங்கள் இலவசச் சேவை.

டைம்ஷீட்டில் (வேலை நேரப் பதிவுத் தாளில்) போட்டதை விடக் குறைவாகக் காசு வருகிறது. எங்கே தேடுவது?

பெரும்பாலும் திருட்டு இல்லை. கணக்கு முறையில் கசிவு. ஆனால் கசிவு எப்போதும் ஒரே பக்கமாகவே ஓடுகிறது என்றால் அதைத் தற்செயல் என்று விடக்கூடாது. இந்த ஐந்து இடங்களைப் பாருங்கள்.

முதலில் தசமப்புள்ளி. ஏழரை மணி நேரத்தை 7.30 என்று போட்டால் மென்பொருள் அதை 7 மணி 18 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். 12 நிமிடம் போச்சு. 7 மணி 45 நிமிடத்தை 7.45 என்று போட்டால் 18 நிமிடம் போச்சு. 15 நிமிடம் 0.25, அரை மணி 0.5, முக்கால் மணி 0.75. நீங்கள் சரியாகப் போட்டும் ஏஜென்சியில் தட்டச்சு செய்பவர் தவறாகப் போடலாம் என்பதால், அவர்கள் அனுப்பும் கணக்குச் சீட்டில் மணி எண்ணைத்தான் முதலில் பாருங்கள், தொகையை அப்புறம்.

அடுத்தது வட்டமாக்குதல். 15 நிமிட அலகில் வட்டமாக்குவது வழக்கமான ஒன்று. இருபுறமும் சமமாக வட்டமாக்கினால் நாளடைவில் சரியாகிவிடும். வந்த நேரத்தை மேலேயும் போன நேரத்தைக் கீழேயும் தள்ளினால் நாளுக்குச் சராசரியாகக் கால் மணி நேரம் போகும். 20 நாளில் 5 மணி நேரம்.

மூன்றாவது, இடைவேளைப் பிடித்தம். நீங்கள் இடைவேளை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 30 நிமிடத்தைக் கழிக்கும்படி மென்பொருள் அமைக்கப்பட்டிருக்கும். 20 நாளில் 10 மணி நேரம். இடைவேளையில் வேலை பார்த்தால் அன்றைக்கே டைம்ஷீட்டின் குறிப்புக் கட்டத்தில் "இடைவேளை எடுக்கவில்லை, காரணம் இது" என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் சொன்னால் எடுபடாது.

நான்காவது, கடைசி நேரம். வாரத்தின் கணக்கு திங்கள் காலை 10 மணிக்கு மூடுகிறது என்றால், 10.05க்கு ஏறிய டைம்ஷீட் அடுத்த சுற்றில் விழும். காசு தொலையவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. தகராறு எழுப்பும் முன் அடுத்த சீட்டையும் பாருங்கள்.

ஐந்தாவது நள்ளிரவு. இரவு 10 முதல் காலை 6 வரையான வேலை எந்தத் தேதிக் கணக்கில் போகிறது? ஞாயிறு இரவுக்குக் கூடுதல் ரேட் இருந்தால், நள்ளிரவுக்குப் பின் உள்ள 6 மணி நேரம் திங்கள் ரேட்டுக்கு இறங்கிவிடலாம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் ஒரு இரவு ஒரு மணி நேரம் நீளும், இன்னொரு இரவு குறையும். வேறு நேர மண்டலத்துக் கிளையன்டுக்கு வேலை செய்பவர்கள் தங்கள் சொந்தக் குறிப்பில் யூடிசி (உலகப் பொது) நேரத்தையும் எழுதிவைப்பது நல்லது. வாரம் எந்த மண்டலத்தில் தொடங்குகிறது என்பதில் மட்டுமே எத்தனையோ மணிகள் வாரம் மாறி விழுகின்றன.

காத்திருக்கும் நேரம், அழைத்தால் வரவேண்டிய நேரம், பயண நேரம்: இவை வேலை நேரமா?

ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான் தொடக்கம். அது ஒன்றும் சொல்லாவிட்டால், அந்த நேரத்தில் உங்கள் சொந்தக் காரியத்தைப் பார்க்க முடிந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

ஊழியர்கள் விஷயத்தில் நீதிமன்றங்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டிருக்கின்றன. பணியிடத்திலேயே இருந்து அழைப்புக்காகக் காத்திருக்கும் மருத்துவர்களின் நேரம் முழுவதும் வேலை நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் தீர்ப்பளித்தது. 2018ல் பெல்ஜியத் தீயணைப்பு வீரர் ஒருவரின் வழக்கு வந்தது. வீட்டில் இருந்தாலும் அழைத்த 8 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும் என்ற நிபந்தனை அவருக்கு இருந்ததால், அதுவும் வேலை நேரமே என்றது அதே நீதிமன்றம். 2021ல் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் தன் பகுதிக்குள் செயலியைத் திறந்து வைத்துப் பயணத்தை ஏற்கத் தயாராக இருந்த நேரத்தையும் வேலை நேரமாக ஏற்றது.

உண்மையான ஃப்ரீலான்சருக்கு இந்தத் தீர்ப்புகள் நேராகப் பொருந்தாது. ஆனால் பேரம் பேச நல்ல அளவுகோல். "எவ்வளவு நிமிடத்தில் பதில் வேண்டும்?" என்று கேளுங்கள். 15 நிமிடம் என்றால் பாதி ரேட்டாவது வாங்குங்கள். 4 மணி நேரம் என்றால் சின்னத் தொகை போதும். அழைத்து வேலை கொடுத்தால் குறைந்தபட்சம் இத்தனை மணிக் காசு என்பதையும் சேருங்கள். இரவு 2 மணிக்கு எழுப்பி 10 நிமிட வேலை வாங்கிவிட்டு 10 நிமிடக் காசு தருவதில் நியாயம் இல்லை.

வீட்டிலிருந்து வழக்கமான பணியிடத்துக்குப் போகும் நேரத்துக்குப் பொதுவாகக் காசு கிடைக்காது. ஒரே நாளில் இந்தக் கிளையன்டிடமிருந்து அந்தக் கிளையன்டிடம் போகச் சொன்னால் கேளுங்கள்.

கிளையன்ட் வாய்மொழியாக "இன்னிக்கு முடிச்சிடுங்க" என்றார். ஏஜென்சி "நாங்கள் ஓவர்டைமுக்கு அனுமதி தரவில்லை" என்கிறது.

மிக அதிகமாக நடப்பதும், மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியதும் இதுதான். கூடுதல் நேரத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்ற வரி கிட்டத்தட்ட எல்லா ஏஜென்சி ஒப்பந்தத்திலும் இருக்கும். அனுமதி தர வேண்டியவர் யார் என்பதும் இருக்கும். கிளையன்டின் குழுத் தலைவருக்கு அந்த அதிகாரம் இல்லாமலிருக்கலாம்.

கிளம்புகிற நேரத்தில் புது வேலை வந்தால், அதைத் தொடும் முன் இரண்டு வரி அனுப்புங்கள். கிளையன்டுக்கு அனுப்பி ஏஜென்சிக்கு நகல் போடுங்கள்:

"நீங்கள் இப்போது கேட்ட அறிக்கையை இன்றே முடிக்கச் சுமார் 3 மணி நேரம் கூடுதலாக ஆகும். ஒப்பந்தப்படி கூடுதல் நேர ரேட்டில் கணக்கிடப்படும். தொடங்குகிறேன், வேண்டாம் என்றால் உடனே சொல்லவும்."

பதில் வராவிட்டாலும் இந்த மெயில் உங்கள் பக்கம் நிற்கும். அந்த நேரத்தில் அனுப்ப முடியாமல் போனால் அன்றிரவே அனுப்புங்கள். பத்து நாள் கழித்து எழுதியதை "யோசித்து எழுதியது" என்பார்கள்.

ட்ராக்கர் மென்பொருள் நான் வேலை செய்த நேரத்தைச் "செயலற்றது" என்று காட்டுகிறது.

சுட்டியும் விசைப்பலகையும் அசைவதைத்தான் அது எண்ணுகிறது. படிப்பது, யோசிப்பது, போனில் பேசுவது, காகிதத்தில் வரைவது எதுவும் அதற்குத் தெரியாது. அந்த நேரங்களைக் கையால் சேர்க்க வழி இருக்கிறதா, அப்படிச் சேர்த்த நேரத்துக்குக் காசு உத்தரவாதம் உண்டா என்பதை முதல் வாரத்திலேயே பாருங்கள். பல தளங்களில் கையால் சேர்த்த நேரத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. அழைப்பு வந்தால் அதன் பதிவு நேரத்தையும் பேசிய விஷயத்தையும் ஒரு வரியில் மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

அசைவு காட்டுவதற்காகச் சுட்டியை ஆட்டும் கருவி வைக்காதீர்கள். ஒருமுறை பிடிபட்டால், நேர்மையாகச் செய்த மணிகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

சொல் கணக்கில் காசு வாங்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு?

மூலச் சொல்லா, மொழிபெயர்த்த சொல்லா என்பதைக் கேட்காமல் ரேட் சொல்லவே சொல்லாதீர்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக இருப்பது "வீட்டிலிருந்துதான்" என்று ஒரே சொல்லாகிவிடும். அதனால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது சொல்லெண்ணிக்கை கணிசமாகக் குறையும். ஒரே ரேட்டைத் தமிழ்ச் சொல்லுக்கு ஒப்புக்கொண்டால் அந்த அளவுக்கு நஷ்டம். மூலச் சொல்லுக்கே ரேட் பேசுங்கள்; வேலை தொடங்கும் முன்பே மொத்தத் தொகையும் தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பு நினைவகத்தில் (முன்பு மொழிபெயர்த்தவற்றைச் சேமித்துவைக்கும் மென்பொருளில்) ஏற்கெனவே உள்ள வாக்கியங்களுக்குக் குறைந்த காசு தரும் வழக்கமும் உண்டு. 75% பொருந்துகிறது என்று மென்பொருள் சொல்லும் வாக்கியத்தைத் தமிழில் பெரும்பாலும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும். எந்த அளவு பொருத்தத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலை முன்கூட்டியே வாங்கி, 85%க்குக் கீழே உள்ளவற்றுக்கு முழு ரேட் கேட்பது நியாயமானது.

கிளையன்ட் டைம்ஷீட்டில் ஒப்புதல் தர இழுத்தடிக்கிறார்.

ஒப்பந்தத்தில் இந்த வரி இருக்கிறதா பாருங்கள்: "சமர்ப்பித்த 3 வேலை நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும்." இல்லையென்றால் அடுத்த ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். இதைவிடப் பயனுள்ள ஒரு வரியை நாங்கள் பார்த்ததில்லை.

ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாத நிலையில், வேலை நடந்ததற்கு வேறு சான்று சேருங்கள்: நுழைவுப் பதிவு, கோப்பு சேமித்த நேரம், கூட்ட அழைப்பு, ஒப்படைத்த வேலையைப் பெற்றுக்கொண்டதாக வந்த பதில். அவற்றோடு ஏஜென்சிக்கு எழுதி, "நீங்களே கிளையன்டிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். ஒப்புதல் வாங்குவது அவர்கள் கமிஷனுக்கான வேலையில் ஒரு பகுதி.

"கிளையன்ட் எங்களுக்கே இன்னும் காசு தரவில்லை" என்கிறார்கள்.

ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைத் தேடுங்கள். மூன்று நிலைகள் உண்டு. அப்படி ஒரு வரியே இல்லையென்றால், கிளையன்ட் தந்தாரா இல்லையா என்பது உங்கள் பிரச்சினை ஆகாது; உங்கள் ஒப்பந்தம் ஏஜென்சியோடுதான். "கிளையன்ட் தரும்போது தருவோம்" என்று இருந்தால், பொதுவாக அது காலத்தைத்தான் தள்ளுகிறது. நியாயமான காலம் கடந்தபின் கேட்கலாம் என்று வாதிட இடமுண்டு. "கிளையன்ட் தந்தால் மட்டுமே தருவோம்" என்பதுதான் ஆபத்து. கிளையன்ட் திவாலானால் அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழும். கையெழுத்துக்கு முன் இதை நீக்கச் சொல்லுங்கள்; மறுத்தால் "எப்படியிருந்தாலும் 60 நாளுக்குள்" என்ற எல்லையையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

30 நாளில் காசு என்றார்கள். 90 நாள் ஆகிறது!

எந்தத் தேதியிலிருந்து 30? வேலை முடிந்த தேதி, இன்வாய்ஸ் தேதி, அது அவர்களுக்குக் கிடைத்த தேதி, ஒப்புதல் தேதி, மாதக் கடைசி என்று ஐந்து இருக்கின்றன. டிசம்பர் 1ல் செய்த வேலைக்கு மாத இன்வாய்ஸ் ஜனவரி 3ல் போகிறது. நிபந்தனை "இன்வாய்ஸ் மாதக் கடைசியிலிருந்து 30 நாள்". ஜனவரி 31லிருந்து 30 நாள் எண்ணினால் மார்ச் 2. வேலை செய்ததிலிருந்து 91 நாள், ஒருவரும் ஒப்பந்தத்தை மீறாமலே. வாரந்தோறும் இன்வாய்ஸ் போட அனுமதி வாங்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

இன்வாய்ஸ் திரும்பி வருவதாலும் நாள் போகும். கொள்முதல் ஆணை எண் இல்லை, வங்கிக் கணக்குப் பெயரும் ஒப்பந்தப் பெயரும் வேறு, டைம்ஷீட் இணைக்கவில்லை ஆகிய மூன்றும் வழக்கமான காரணங்கள். அனுப்பிய மூன்றாம் நாள் "கணக்கில் ஏறிவிட்டதா?" என்று ஒரு மெயில் போடுங்கள்.

"அடுத்த திங்களிலிருந்து ரேட் 10% குறைவு" என்று மெயில் வந்தது.

பதில் எழுதாமல் திங்கள் வேலைக்குப் போவதுதான் செய்யக்கூடாதது. மறுப்புச் சொல்லாமல் தொடர்ந்து வேலை செய்ததை ஒப்புதல் என்று வாதிட முடியும். அன்றே எழுதுங்கள்: "தற்போதைய பணி ஆணை இந்தத் தேதி வரை இந்த ரேட்டில் உள்ளது. மாற்றத்தை நான் ஏற்கவில்லை. பணி ஆணை முடியும் வரை தற்போதைய ரேட்டிலேயே இன்வாய்ஸ் வரும். அதன்பின் புது ரேட் பற்றிப் பேசலாம்."

ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு ரேட் குறைத்தால், பேச ஒன்றுமில்லை, மறுத்துவிடுங்கள். வரப்போகிற வேலைக்கு என்றால் அது பேரம். குறைவை ஏற்றே ஆக வேண்டிய நிலையில், பதிலுக்கு எதையாவது வாங்குங்கள்: ஒரு நாள் வேலை 10 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாவது, வாரக் கொடுப்பனவு, மூன்று மாத உறுதி.

"வேலைத் தரம் சரியில்லை" என்று பாதித் தொகையைப் பிடித்துவிட்டார்கள்.

மணிக்கணக்கு ஒப்பந்தம் என்றால் வாங்கியது உங்கள் நேரம். குறையை அப்போதே சொல்லித் திருத்த வாய்ப்புத் தந்தார்களா என்பதுதான் முக்கியம். எந்தப் பகுதி, என்ன குறை, எத்தனை மணி நேரம் அதற்கு ஆனது என்று எழுத்தில் கேளுங்கள். குறை சொன்ன பகுதிக்கு மட்டுமே பிடித்தம் இருக்க முடியும். மீதியை இப்போதே தரும்படி கேளுங்கள். காசு கேட்ட பிறகு முதன்முறையாக வரும் தரப் புகாருக்கு வலு குறைவு. முந்தைய மாதப் பாராட்டு மெயில் இருந்தால் இப்போது இணையுங்கள்.

கடைசி நேரத்தில் வேலையை ரத்து செய்தால்?

ஒப்பந்தத்தில் ரத்து பற்றி ஒரு வரி இல்லையென்றால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. 24 மணி நேரத்துக்குள் ரத்தானால் முழுத்தொகை, 48 மணிக்குள் பாதி என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது தகராறு வந்துவிட்டது. எப்படி எழுதுவது?

போனில் சண்டை போடாதீர்கள். பேசினால், பேசியதைச் சுருக்கி அன்றே மெயிலில் உறுதிப்படுத்துங்கள். எழுதும் முன் ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: தேதி, நான் போட்ட மணி, அவர்கள் கொடுத்த மணி, வித்தியாசத்துக்குக் காரணம். வித்தியாசம் எந்த நாளில் என்று காட்ட முடியாவிட்டால் இன்னும் எழுதத் தயாராகவில்லை என்று பொருள். அப்புறம் இப்படி:

"பொருள்: இன்வாய்ஸ் எண் 14, மார்ச் 3 முதல் 9 வரை, 6.5 மணி நேரக் குறைவு.

நான் சமர்ப்பித்தது 46.5 மணி. கணக்கில் வந்தது 40 மணி. வித்தியாசம்: எடுக்காத இடைவேளைக்கு 5 நாள், நாளுக்கு அரை மணி வீதம் கழித்தது 2.5 மணி, புதன் மாலைக் கூடுதல் நேரம் 4 மணி. கிளையன்டின் அன்றைய மெயிலும் டைம்ஷீட்டும் இணைப்பில். மணிக்கு 100 வீதம் நிலுவை 650. தகராறு இல்லாத 40 மணிக்கான தொகையை வழக்கமான தேதியில் செலுத்தவும். நிலுவை பற்றி 7 வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, அடுத்து இதைப் படிக்கப்போகிற மூன்றாம் மனிதருக்குப் புரியும். அந்த மூன்றாம் மனிதரை நினைத்துத்தான் எழுத வேண்டும். ஏஜென்சியின் கணக்கு மேலாளரோ நடுவரோ நீதிபதியோ யாராகவும் இருக்கலாம்.

7 வேலை நாளில் பதில் இல்லையென்றால் உங்கள் தொடர்பாளருக்கு மேலே உள்ளவருக்கும் கணக்குப் பிரிவுக்கும் அதே மெயிலை அனுப்புங்கள். தொடர்பாளருக்கு உங்களைச் சமாதானப்படுத்தத்தான் வழி உண்டு, காசை விடுவிக்கும் அதிகாரம் பெரும்பாலும் கணக்குப் பிரிவிடம். அதற்கும் அசையாவிட்டால் இறுதி நோட்டீஸ்: தொகை, கெடு தேதி, அதன்பின் என்ன செய்வீர்கள். செய்ய உத்தேசிக்காததை நோட்டீஸில் எழுதாதீர்கள்.

காசு வரும்வரை வேலையை நிறுத்தலாமா?

ஒப்பந்தத்தில் அந்த உரிமை இருந்தால், முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்தலாம். இல்லாமல் நிறுத்தினால் "ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்" என்று பந்து உங்கள் பக்கம் வந்துவிடும். புதுப் பணி ஆணையை ஏற்காமல் இருப்பது பாதுகாப்பான வழி. கிளையன்டின் கோப்புகளையோ கடவுச்சொற்களையோ பிணையாகப் பிடித்துவைக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அது பெரிய வழக்காக மாறும்.

சட்டம் உதவுமா?

இடத்துக்கு இடம் மாறும், அதனால் ஒப்பந்தத்தில் "எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்" என்ற வரியை முதலில் படியுங்கள். மாதிரிக்குச் சில:

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு தாமதக் கொடுப்பனவு நெறிமுறைப்படி, வணிகர்களுக்கு இடையே வேறு உடன்பாடு இல்லையென்றால் 30 நாள் கெடு. தாமதத்துக்கான வட்டி ஐரோப்பிய மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி. வசூல் செலவுக்குக் குறைந்தது 40 யூரோ. நியூயார்க் நகரில் 2017 முதல் நடப்பில் உள்ள ஃப்ரீலான்சர் சட்டம், 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுவதைக் கட்டாயமாக்குகிறது. தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் காசு. பிரிட்டனின் 2003ஆம் ஆண்டு ஏஜென்சி விதிகள், கிளையன்ட் காசு தரவில்லை என்பதற்காகவோ கையெழுத்திட்ட டைம்ஷீட் இல்லை என்பதற்காகவோ ஊதியத்தை நிறுத்தக்கூடாது என்கின்றன. ஆனால் சொந்தக் கம்பெனி வழியாக வேலை செய்பவர்கள் இந்த விதிகளிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட முடியும். அந்தத் தாளை ஏஜென்சி மற்ற தாள்களோடு சேர்த்துக் கொடுக்கும், படிக்காமல் போடாதீர்கள். இந்தியாவில் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் காசு தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலைக்கு முன்பே பதிவு செய்திருப்பது முக்கியம்.

வேலையில் சேர்த்துவிடுவதற்கு ஏஜென்சி உங்களிடமே கட்டணம் கேட்டால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையை நினைவில் வையுங்கள். தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பது அதன் பொது விதி. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம், இடம், முறை எல்லாவற்றையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். நான் உண்மையில் ஃப்ரீலான்சர்தானா?

இல்லாமலிருக்கலாம். பெயரைப் பார்க்காமல் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தே வேலை உறவைத் தீர்மானிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டு 198ஆம் பரிந்துரை சொல்கிறது. உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியுமா, வேறு கிளையன்டை எடுக்க முடியுமா, வேலையை மறுக்க முடியுமா, கருவிகள் யாருடையவை? பெரும்பாலான பதில்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தால், ஓவர்டைம், குறைந்தபட்ச ஊதியம், விடுப்பு ஆகிய உரிமைகள் உங்களுக்கு இருக்க வாய்ப்புண்டு. இந்த வாதத்தை எடுக்கும் முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்; உங்கள் வரிக் கணக்கையும் அது தொடும்.

பாதித் தொகையை அனுப்பி, "முழுத் தீர்வு" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டால் மீதி போய்விடும். பணம் கணக்கில் வந்துவிட்டது, கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள் என்றால், "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்; நிலுவை இவ்வளவு" என்று அன்றே எழுதுங்கள். காசோலையின் பின்னாலோ இணைப்புக் கடிதத்திலோ "முழுத் தீர்வு" என்று இருந்தால், சில நாடுகளில் அதை வங்கியில் போடுவதே ஒப்புதல் ஆகிவிடும், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

வழக்குப் போடும் கால வரம்பு வரைக்குமாவது. ஒப்பந்தப் பணத்துக்கு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. கிளையன்டின் மெயில் கணக்கில் மட்டும் இருப்பது உங்கள் ஆவணம் ஆகாது. ஒப்பந்தம் முடிகிற அன்றே அந்தக் கணக்கு மூடப்படும். டைம்ஷீட், ஒப்புதல், கூடுதல் நேர மெயில் ஆகியவற்றின் நகல் வாரந்தோறும் உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்துசேரட்டும். கிளையன்டின் ரகசியக் கோப்புகளை மட்டும் அதோடு எடுத்து வராதீர்கள்.